ஏழு இறந்த பதிவுகள்

செப்டம்பர் 13, சனி

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதை அம்மா தொடமாட்டாள். அமில வாடை அடிக்கிறதாம். யாரிடமும் சொல்லாதே என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. அதனால் இங்கே.

இன்று ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அப்பாவின் ஆபீசுக்குப் போனேன். எங்கள் பள்ளியின் போக்குவரத்துப் பிரிவில் அப்பா கிளார்க். டிரைவர்கள் வந்து வண்டியில் என்ன பழுது என்று சொல்வார்கள், அப்பா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். புதன்கிழமையிலிருந்து அந்த அறையே தலைகீழாகக் கிடக்கிறது. நாலாம் நம்பர் வேன் சரிவில் நிற்காமல் போய்ச் சுவரில் மோதியது. நான் எப்போதும் போகிற வேன். அன்று எனக்கு டெஸ்ட் இருந்ததால் ஏறவில்லை. வேனில் என் பக்கத்தில் உட்காரும் இரண்டாம் வகுப்பு ரெட்டை ஜடை, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வண்டியை ஓட்டிய வேன் மாமா போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். எல்.கே.ஜி.யிலிருந்து என்னை ஏற்றி இறக்கியவர். "வா ஆமை, வீட்டையும் முதுகுல தூக்கிட்டு வா" என்று என் பையைப் பார்த்துத் தினமும் சொல்வார்.

அப்பா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் ஏழு பதிவு எண்கள். "ரெண்டு ரெண்டு தடவ ஏறிடுச்சும்மா. எடுத்துடணும். இந்த சாஃப்ட்வேர்ல அழிக்கிற பட்டனையே வைக்கல புண்ணியவான்."

பட்டன் இல்லாவிட்டால் என்ன, பதிவுகள் சேர்ந்து கிடக்கும் டேட்டாபேசுக்குள் நேராகப் போய்க் கட்டளை கொடுக்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான். டீச்சர் சொன்னபடியே செய்தேன்: அழிப்பதற்கு முன்னால் எண்ணு. எண்ணினேன். ஏழு. சீட்டிலும் ஏழு. பிறகுதான் தட்டினேன். 'ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன' என்று வந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"வெளியில சொல்லாத. அப்பனுக்கு இதுகூடத் தெரியலன்னு சிரிப்பாங்க" என்றார்.

நான் அப்பாவைவிடக் கெட்டிக்காரி என்று எங்கேயாவது எழுதி வைக்க வேண்டாமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா இன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மாலையில் அப்பாவுடன் வீடு திரும்பலாம் என்று ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே வேன் மாமாவின் மனைவி. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தபடி, ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பதிவேட்டுல ஒரு வரி இல்லம்மா. பிரேக் சரியில்லன்னு உங்க வீட்டுக்காரர் ஒரு தடவகூடச் சொல்லல. சொல்லாம வண்டிய எடுத்தா யார் பொறுப்பு?"

"ஏழு தடவ சொன்னாரு சார். மிதிச்சா கீழ போகுது, கீழ போகுதுன்னு. சொல்லிட்டு வர்ற அன்னைக்கெல்லாம் வீட்ல வந்து புலம்புவாரு. ஏழு தடவ. நான் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்."

"காலண்டர்ல நான்கூட வட்டம் போடுவேன்மா."

அப்பா பிரிண்டருக்குள் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நிரம்பியிருந்த தட்டில் இன்னும் இன்னும் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

ஏழு.

நான் எண்ணினேனே. எண்ணினேனே தவிர, அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி படிச்சேனா? ஒரு செகண்ட் ஆகியிருக்குமா? கணக்கு சரியா இருந்தா போதும்னு எவ சொன்னா எனக்கு?

மாமா சொன்னது அத்தனையும் நான் அழித்துவிட்டேன். மாமா பொய்யர் ஆகிவிட்டார். என் விரலால்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாமல் யாரோ சீட்டைக் கொடுத்திருப்பார்கள். தெரியாமல்தான் இருக்கும். தெரியாமல் இருக்கட்டும்.

எனக்குப் பதினாறு வயது. இந்த வயதில் பிடித்துக்கொண்டு போவார்களா? யாரைக் கேட்பது?

செப்டம்பர் 17, புதன்

இன்று கம்ப்யூட்டர் வகுப்பில் கேட்டேவிட்டேன். சும்மா ஒரு சந்தேகம் போல.

"டீச்சர், டெலீட் பண்ணினா அந்தப் பதிவு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. செத்தும் அங்கேயே கிடக்கும்."

பக்கத்தில் இருக்கிறவள் சும்மா இருப்பாளா? "பேயா டீச்சர்?" வகுப்பே சிரித்தது.

"பேய் இல்லடி, சோம்பேறித்தனம். துடைக்காத உன் பெஞ்ச மாதிரிதான். ஒவ்வொண்ணா அழிச்சு, இடத்தைத் துடைச்சு, மிச்சத்த நகர்த்தி வெச்சா எப்ப வேலை முடியறது? அதனால 'இது இனி இல்ல'ன்னு ஒரு அடையாளம் மட்டும் வைக்கும். நீங்க தேடினா காட்டாது. ஆனா எழுத்து அப்படியே இருக்கும். அப்புறமா துப்புரவு வரும். பக்கம் பக்கமாப் போயி, செத்ததெல்லாம் இருந்த இடத்தக் காலி இடம்னு கணக்குல சேர்க்கும். புதுசா வர்ற பதிவு அது மேல வந்து உக்காரும்."

"துப்புரவு எப்ப வரும் டீச்சர்?"

"குப்பை சேர்ந்தா தானா வரும். வழக்கமா ஐம்பது, அதோட மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு. அதைத் தாண்டினா கிளம்பும். என்ன திடீர்னு இவ்ளோ ஆர்வம்? போன டெஸ்ட்ல இந்த ஆர்வத்தக் காணோமே."

கழிப்பறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழுதுப் பதிவேட்டில் ஏறக்குறைய நாலாயிரத்து முந்நூறு பதிவுகள். ஐந்தில் ஒரு பங்கு எண்ணூற்று அறுபது. ஐம்பதைக் கூட்டினால் தொள்ளாயிரத்துப் பத்து. அத்தனை செத்தால்தான் அது எழுந்து வரும். செத்திருப்பது ஏழு. ஏழுக்காக யாரும் துடைப்பத்தைத் தூக்கமாட்டார்கள்.

இருக்கின்றன. ஏழும் அங்கேயே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல், 'மிதித்தால் கீழே போகிறது' என்று சொல்லிக்கொண்டு.

இன்று சாப்பிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

முடிந்தது. எல்லாம் முடிந்தது.

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும். கம்ப்யூட்டர் பராமரிப்பு ஆள் வர்றான். இந்தத் தடவ மேலோட்டமா வேணாம், முழுசாத் துடைச்சுடச் சொல்லிட்டாரு மேனேஜர்."

முழுத் துப்புரவு. புத்தகத்தில் அது தனிப் பத்தி. உயிரோடு இருக்கும் பதிவுகளை மட்டும் ஒரு புதுக் கோப்பில் நகலெடுத்து அடுக்கும். பிறகு பழைய கோப்பைத் தூக்கிப் போட்டுவிடும். செத்தவற்றை அழிப்பதுகூட இல்லை. அவற்றை விட்டுவிட்டு வீடு மாறிப்போவது. போன பிறகு வீட்டையே இடித்துவிடுவது.

தினமும் இரவில் ஒரு நகல் எடுக்கிறார்களே என்று ஞாபகம் வந்தது. அப்பாவைக் கேட்டேன். "இடம் பத்தலைன்னு நேத்தைய நகல் மேலயே இன்னைய நகல எழுதிடும்" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. யாராவது உள்ளே ஒரு வேலையைத் தொடங்கி முடிக்காமல் வைத்திருந்தால், அவர்கள் கண்ணுக்குப் பழைய பதிவுகள் தெரியவேண்டும் என்பதற்காகத் துப்புரவு அவற்றை விட்டுவைக்கும். துள்ளிக் குதித்தேன். நாளைக்கே அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தொடங்கி அப்படியே விட்டுவிட்டு வந்தால்? அடுத்த வரியைப் படித்தேன். அழிப்பதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டுமாம். அழித்த பிறகு வருகிறவர்களுக்காக அது எதையும் காப்பாற்றாதாம்.

நான் பிறகு வந்தவள்.

நாளை, நாளை மறுநாள். அவ்வளவுதான் இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த ஏழும் வேன் மாமா சொன்னதுதானே?"

ஊசி நின்றது.

"யாருப்பா சீட்டுக் குடுத்தது? உங்களுக்குத் தெரியாதுல்ல? சொல்லுங்கப்பா, தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது? அந்த ஏழையும் ஏத்துனதே நான்தான். அவன் எதிர்ல நின்னு சொல்லச் சொல்ல டைப் அடிச்சேன். ஏழு தடவையும் மேனேஜர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த மாசம் பார்ப்போம், அடுத்த மாசம் பார்ப்போம்னாரு."

"அப்புறம் ஏன்ப்பா...?"

"ஏன்னா? நீ படிக்கிற பள்ளிக்கூடம் அது. ஸ்டாஃப் பொண்ணுன்னுதான் உக்கார வெச்சிருக்காங்க. உங்க அம்மா மருந்து அந்த வேலையிலதான் வருது. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பதிவு இருந்தா நம்ம ரெண்டு பேருமே உள்ள போவோம். இல்லன்னா டிரைவர் மட்டும். நீங்களே முடிவு பண்ணுங்க'ன்னாரு. நான் முடிவு பண்ணல. உன்னப் பண்ண வெச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஊசி அதில் தொங்கிக்கொண்டிருந்தது, குத்திவிடுமோ என்றுதான் அந்த நேரத்திலும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அது இன்னும் இருக்குப்பா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கும்."

"போய்த் தூங்கு."

செப்டம்பர் 20, சனி

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு வேன் மாமா வீட்டுக்குப் போனேன். தெருமுனை வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறை அத்தையே பார்த்துவிட்டாள். துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அட, ஆமையா? உள்ள வா. உன்ன அப்படித்தான் சொல்லுவாரு."

உள்ளே போனதும் நிற்காமல் சொல்லிவிட்டேன். மாமா சொன்னது பொய் இல்லை. ஏழும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அழித்த மாதிரி தெரியும், ஆனால் அழியவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பராமரிப்பு ஆள் வந்து துடைத்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அதற்கு முன்னால் போலீஸ் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை இயக்கக் கூடாது. தெரிந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் புரியல. எழுதிக் குடு. வக்கீல்கிட்டக் காட்டறேன்."

இடது கையால் எழுதினேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று.

அத்தை வாங்கிப் பார்த்தாள். "என்னடி இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? வக்கீல் படிக்க வேணாமா? நல்லா எழுது."

அழுகை வந்துவிட்டது. வலது கையால் எழுதினேன். என் எழுத்து. பத்து வருஷமாக ஆசிரியர்கள் அழகு என்று சொன்ன எழுத்து.

அவள் மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். "யாரு அழிச்சான்னு நான் கேக்கல. நீ சொல்லாத" என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பாவை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு அப்பா கிளம்பினார். பத்தே காலுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

"என்ன?" என்றாள் அம்மா.

"ஆபீஸ் சாவிய மறந்துட்டேன். ஆள் வாசல்ல நிக்கறான்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. வளையம் வெளியே தொங்கியது.

அம்மாவும் பார்த்தாள். "பையிலயே இருக்கே."

"தெரியும்."

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, "தேடிட்டே இருக்கேன் சார். எங்க வெச்சேன்னே தெரியல... பீரோ அடியில பாக்கறேன் சார்..." உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது.

பதினொன்றரை வரை தேடினார். அப்படி ஒரு தேடலை நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு.

பிறகு வந்த போனுக்கு "சரி சார்... சரி சார்" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "ஸ்டேஷன்லேருந்து வந்திருக்காங்களாம். கம்ப்யூட்டரக் கேக்கறாங்களாம்." எழுந்தார். "இப்ப சாவி கிடைச்சுடுச்சு."

என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 24, புதன்

மூன்று நாளாக அப்பா என்னிடம் பேசவில்லை. கோபம் இல்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

யாராவது தெரியாமல் இயக்கியிருந்தால்? அந்த இடத்தில் வேறு எதுவாவது எழுதப்பட்டிருந்தால்? நான் படித்ததே தப்பாக இருந்தால்? பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு வீட்டையே போலீஸிடம் கொடுத்துவிட்டேனா?

தூக்கம் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு அப்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சாவி தொலைத்ததற்காக.

செப்டம்பர் 29, திங்கள்

கிடைத்துவிட்டன. ஏழும்.

அத்தை தெருவில் என்னைப் பார்த்து, பேசாமல், ஏழு விரலைக் காட்டிவிட்டுப் போனாள். 

மாலையில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பெயரில் அழித்தார்கள் என்பதும் கம்ப்யூட்டரிலேயே இருந்ததாம். சனிக்கிழமை, நாலு பத்து, அப்பாவின் பெயர். புதன்கிழமை காலை வாக்குமூலம் கொடுக்க வரவேண்டும்.

நானும் வருகிறேன், நான்தான் தட்டினேன் என்று சொல்கிறேன் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் அப்பா ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ என்ன தட்டின? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"எதுக்குப்பா?"

"கேப்பாங்கல்ல. அந்த சாஃப்ட்வேர்ல பட்டன் இல்ல, எப்படி அழிச்சேன்னு கேட்டா நான் முழிக்கக் கூடாது."

புரிந்தது. நான் தட்டியதைத் தானே தட்டியதாகச் சொல்லப்போகிறார். முடியாது என்றேன். சொல்லித்தரமாட்டேன் என்றேன். "எனக்குப் பசிக்குது, சீக்கிரம் சொல்லு" என்றார், ஏதோ வீட்டுப்பாடம் போல.

சொன்னேன். முதலில் உள்ளே போவது எப்படி. பிறகு எண்ணுவது. பிறகு டெலீட், எந்த அட்டவணையிலிருந்து என்பது, அதற்குப் பின்னால் எவை என்று குறிக்கும் ஆங்கில 'வேர்' போட்டு ஏழு எண்கள். அவர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். வாய்க்குள் முணுமுணுத்தார்.

"இந்த 'வேர்' எதுக்கு?"

"அது இல்லன்னா எல்லாமே போயிடும்ப்பா. நாலாயிரத்து முந்நூறும்."

"ஓ." கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்தார். "அப்போ நீ ஜாக்கிரதையாத்தான் பண்ணியிருக்க."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் நிறுத்தவில்லை. பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். இரண்டு இடத்தில் தப்பு. திருத்தினேன். பன்னிரண்டாவது முறை சரியாக வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

வேன் மாமா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். மேனேஜரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ரெட்டை ஜடையை நாளை மறுநாள் நடக்க வைத்துப் பார்ப்பார்களாம். அப்பாவின் மேல் வழக்கு உண்டு. தானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் உள்ளே வைக்கவில்லை. தினமும் காலையில் கையெழுத்துப் போடப் போகிறார். நான் இந்த வாரம் வேறு பள்ளியில் சேரவேண்டும்.

அன்று ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று அப்பா இத்தனை நாள் சொல்லவே இல்லை. இன்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு சின்ன வயது ஆளை உட்கார வைத்துக் கேட்டார்களாம். அப்பா கட்டளையை முதலிலிருந்து கடைசிவரை தடுமாறாமல் சொன்னாராம். அந்த ஆளே ஆச்சரியப்பட்டாராம். ஒரே ஒரு கேள்விக்குத்தான் அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம்.

"'இந்த வயசுல இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அம்மா.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வீட்லதான்னேன்."